ஒன்பதாவது நோட்டு

இளங்கோ,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பத்திரிகை கொடுக்கத் திருமங்கலம் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. வீட்டில் நான் மட்டும்தான். இந்தச் சமயத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவளை மதித்து நட, கோபத்தில் தட்டை விட்டு எழுந்திருக்காதே, மாதம் ஒருமுறையாவது போன் பண்ணு. அதெல்லாம் நான் சொல்லாமலே நீ செய்வாய். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். எனக்கு உன்மேல் பொறாமை. ஐந்து வருஷமாக இருக்கிறது. ரேணுகாவின் மேலும் இருக்கிறது. மாமியாராகப் போகிறவளுக்கு வருகிற வழக்கமான பொறாமை அல்ல இது. நீ அவளிடம் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் அளந்து எழுதி வைத்த எண்கள் அவளிடம் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதை நேரில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கல்யாணத்துக்கு முன் படித்து மூட்டை கட்டி வைத்திருந்த எம்.எஸ்.சி. பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, திருநகர் தாண்டி இருந்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன், டாக்டர் பட்டத்துக்கும் பதிந்துகொண்டேன். கோச்சடையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். வேலை என்னவென்று கேட்டவர்களிடம், "மண்ணு எம்புட்டு வேகமா முங்குதுன்னு பாக்குறேன்" என்பேன். சிரிப்பார்கள். எண்ணெய்க் கிணற்றில், பூமிக்கு வெகு ஆழத்தில் இருக்கும் பாறையைத் தண்ணீரின் அழுத்தத்தாலேயே விரிசல் விடச் செய்வார்கள். அழுத்தத்தை எடுத்ததும் விரிசல் மூடிக்கொள்ளும் என்பதால் தண்ணீரோடு மணலையும் உள்ளே அனுப்புவார்கள். மணல் விரிசல் முழுக்கப் பரவி நின்றால் பாறையைத் தாங்கிப் பிடிக்கும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும். பரவுவதற்கு முன்னாலேயே அடியில் போய்ப் படிந்துவிட்டால் மேல்பாதி மூடிக்கொண்டுவிடும், செய்த வேலை அத்தனையும் வீண். மணல் சீக்கிரம் படியாமல் இருக்கத் தண்ணீரில் கொத்தவரை விதையின் பிசினைக் கலந்து கொழகொழப்பாக்குவார்கள். எவ்வளவு பிசினில், எந்தப் பருமனான மணல், எத்தனை நொடியில் கீழே போகும்? இதுதான் எங்கள் புரொபசர் எடுத்திருந்த ஆராய்ச்சி. இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே பேனா கனத்துக்கு இடைவெளி விட்டு, பிசின் தண்ணீரை ஊற்றி, மேலிருந்து மணலைப் போட்டு, கையில் ஸ்டாப் வாட்சோடு நிற்பேன். நான்கு வருஷம் நின்றேன். எட்டு நோட்டுகள் நிறைந்தன. தினமும் வீடு திரும்பும்போது என் சேலையில் பச்சைக் கொத்தவரங்காய் வாடை அடிக்கும். அப்பா மூக்கைச் சுளிப்பார். எனக்கு அந்த வாடை பிடிக்கும். இந்த மதுரையில் அந்த வாடையோடு பஸ் ஏறுகிற ஒரே பொம்பளை நான்தான் என்று ஒரு கர்வம்.

ஒன்பதாவது நோட்டில்தான் விவகாரம். அதுவரை மணலை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நோட்டில் கும்பலாகப் போட ஆரம்பித்தேன். கும்பலாக விழுந்தால் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும் என்பது புத்தகம். என் கண்ணாடிக்குள் அது நடக்கவில்லை. மணல்கள் ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்ந்து, சரம் பிடித்து, தனியாக விழுவதைவிட வேகமாகக் கீழே ஓடின. புரொபசர் பார்த்துவிட்டு, "புஸ்தகத்துக்கு மாறா இருக்கேம்மா. திரும்பப் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். பிசினை மாற்றினேன், மணலை மாற்றினேன், கண்ணாடியைக் கழுவிக் கழுவிப் போட்டேன். அதேதான். கடைசியில் அவர், "அப்ப இதையே எழுதுங்க. கருத்தரங்குல பெரியவங்க முன்னாடி வச்சுப் பேசுவோம். கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லுவோம்" என்றார். பதில் என்னிடம் இல்லை. எண்கள்தான் இருந்தன. என் கைதான் எங்கேயோ தப்புச் செய்கிறது, அதை அத்தனை பேர் முன்னால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சிரிக்கப்போகிறார் என்று தோன்றியது. அந்த வாரம்தான் உனக்கு அம்மை போட்டது. மகனுக்கு உடம்பு சரியில்லை, குடும்பச் சூழ்நிலை, இனி வர இயலாது என்று கடிதம் எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். பத்து நாளில் உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. நான் திரும்பிப் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போய்விட்டேன்.

நீ வளர்ந்த காலம் முழுக்க "இவனுக்காகத்தான் டாக்டர் பட்டத்தை விட்டேன்" என்று சொல்லிவந்திருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், உன் பள்ளிக்கூட டீச்சரிடம்கூடச் சொன்னேன். நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு விசேஷ வீட்டில் நான் அப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அடுப்படி வாசலில் நின்று "ஸாரிம்மா" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்து அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். உண்மை இதுதான் இளங்கோ: நான் உனக்காக விடவில்லை. பயந்து விட்டேன். நான் செய்த தப்புகளில் அடுத்துச் சொல்லப்போவதுதான் பெரிது என்று நீ நினைப்பாய். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

அடுத்தது உனக்குத் தெரிந்த கதை. ஆனால் பாதிதான் தெரியும். சென்னையில் எம்.டெக். இரண்டாம் வருஷம், ஒரு சனிக்கிழமை வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாய்: "அம்மா, நீ மணலு போட்டுப் பாத்தியே, அந்த நோட்டெல்லாம் இருக்கா?" பத்து வருஷத்துக்கு மேலாக அதை யாரும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பரண்மேல் ஏறி நானே எடுத்து வந்து, துடைத்து, உன் முன்னால் அடுக்கினேன். பிசினைப் பற்றி, கண்ணாடியைப் பற்றி, எந்தச் சூத்திரம் எங்கே உதைக்கும் என்பதைப் பற்றி நீ கேட்பாய், நான் சொல்வேன் என்று உட்கார்ந்தேன். நீ பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ஃபார்முலாவெல்லாம் வேணாம்மா. நியூரல் நெட்வொர்க்னு ஒண்ணு. நம்பர மட்டும் குடுத்தாப் போதும், அதுவே கத்துக்கிட்டு அடுத்தது எம்புட்டுன்னு சொல்லிரும்" என்றாய். எம்புட்டு சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உள்ளே ஏதோ புளித்தது. எந்தச் சூத்திரத்திலும் அடங்காத எண்களை வைத்துக்கொண்டு நான் பயந்து ஓடினேன். சூத்திரமே வேண்டாம் என்று சொல்கிற ஒரு மிஷின் என் மகனுக்குக் கிடைத்திருக்கிறது. இவனுக்குப் பயப்பட வேண்டிய அவசியமே வராது. "இதுல எட்டுத்தானே இருக்கு? ஒம்போதுன்னு சொல்லுவியே" என்றாய். "ஒண்ணு கரையான் அரிச்சிருச்சுப்பா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒன்பதாவது நோட்டு பீரோவில் என் கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ரேணுகாவைக் கூட்டி வந்தாய். கூடப் படிக்கிற பெண், நம் ஊர்தான், சௌராஷ்டிராக்காரர்கள் வீட்டுப் பெண் என்றாய். கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் நோட்டுகளை அவள் டைப் அடித்தாள். நடுவில் அவள் அம்மா போன் செய்தபோது எனக்குப் புரியாத அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னாள். அதில் "பிசின்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. என் பிசினைப் பற்றி இவள் அம்மாவுக்கு இவள் சொல்கிறாள் என்று நினைத்தேன். "ஆன்ட்டி, இது ஏழா ஒண்ணா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏழு" என்றேன். நான் நான்கு வருஷம் நின்று பார்த்ததை அவள் இரண்டு சனி ஞாயிறில் அடித்து முடித்துவிட்டாள். பிறகு நீ, "அம்மா, ஒரு அளவு சொல்லு. நாங்க அதுக்குக் காட்டாத ஒண்ணாப் பாத்துச் சொல்லு" என்றாய். ஆறாவது நோட்டில் நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த பக்கத்திலிருந்து ஒன்றைச் சொன்னேன். நீ பட்டனைத் தட்டினாய். திரையில் வந்த நொடிக் கணக்கும் என் நோட்டில் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் கை தட்டினீர்கள். அந்த ஒரு எண்ணுக்காக நான் இரண்டு நாள் பிசின் கலக்கியிருந்தேன், இரண்டாம் நாள் காய்ச்சலோடு. காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கொஞ்ச நாளில் உன் மிஷின் தடுக்கி விழுந்தது. வேறொரு பெரிய ஆய்வுக்கூடத்தில் கும்பலாக மணல் போட்டு எடுத்த அளவுகளோடு உன் கணக்கை ஒத்துப் பார்த்தபோது ஒன்றும் பொருந்தவில்லை. எங்கே தப்பு என்றே உனக்குத் தெரியவில்லை. உன் கைடு, ஒன்று தலைப்பை மாற்று, இல்லை இன்னும் ஒரு செமஸ்டர் உட்கார் என்றார். ரேணுகா வேறு தலைப்பில் தன் ஆராய்ச்சியை முடித்துவிட்டாள். ஜூனில் வந்து சேரச் சொல்லியிருந்த கம்பெனி, படிப்பு முடியாததால் உன் இடத்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டது. நீ சவரம் செய்யாத முகத்தோடு வீட்டில் வந்து உட்கார்ந்தாய். அப்பா, "என்னாச்சுன்னு கேளேன், உனக்குத்தான அந்தப் படிப்புத் தெரியும்" என்று என்னைத் தள்ளினார். நான் உனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்ன ஆயிற்று என்று. தனித்தனியாக விழுகிற மணலை மட்டும் பார்த்துப் பழகிய மிஷின், கும்பலைப் பார்த்ததும் திணறுகிறது. அதற்கு மருந்து பத்தடி தள்ளி பீரோவில் இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: உன் முகத்தைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் நின்ற இடத்தில்தான் இவனும் நிற்கிறான், மிஷின் இருந்தும் நிற்கிறான் என்று ஒரு திருப்தி. பெற்ற பிள்ளை வேலையை இழந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு தாய்க்கு அப்படித் தோன்றியது. அதற்குப் பிறகு வருத்தமும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் முதலில் வந்தது அது.

நீ விடவில்லை. கண்ணாடிக் கடையில் இரண்டு பலகை வெட்டி வாங்கி வந்து, ரப்பர் பட்டை வைத்து ஒட்டி, மாடியில் நிறுத்தினாய். கல்லூரியிலிருந்து பிசின் பொடி கொண்டு வந்திருந்தாய். அதை ஒரேயடியாகத் தண்ணீரில் கொட்டப் போனாய். "கட்டி தட்டிரும்டா. மிக்ஸியில தண்ணி சுத்தும்போது கொஞ்சங்கொஞ்சமாத் தூவணும்" என்று நான் வாங்கிக் கலந்து கொடுத்தேன். பத்து வருஷம் கழித்து அந்த வாடை. நீ ஒற்றை மணலைப் போட்டாய், அது சாவகாசமாக இறங்கியது. அடுத்து ஒரு கரண்டி மணலைச் சரித்தாய். என் கண் முன்னால் அவை கூடின, சரம் பிடித்தன, சரசரவென்று கீழே ஓடின. நீ திரும்பப் போட்டாய். திரும்பவும் அதேதான். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாம்மா தப்பாக் கொட்டுறேன். கை சரியில்ல போல" என்றாய்.

அந்தச் சொல்லை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். கீழே போய் நோட்டை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன். நீ நின்றபடியே பத்துப் பதினைந்து பக்கம் புரட்டினாய். உன் முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது, அப்புறம்தான் உனக்கு விளங்கியது.

"கரையான் அரிச்சிருச்சுன்ன?"

"பொய்."

"இது மட்டும் இருந்திருந்தா... ஏழு மாசம்மா. ஏழு மாசம் பைத்தியம் புடிச்ச மாதிரி அலைஞ்சேன். வேலையும் போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா தோசை சுட்டுப் போட்ட? ஏம்மா?"

"பொறாமைடா" என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

நீ திட்டியிருக்கலாம். நோட்டைப் பையில் வைத்தாய், கண்ணாடியைக் கழுவி ஓரமாகச் சாய்த்தாய், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாய். எப்போதும் "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறவன் அன்று அப்பாவிடம் மட்டும் "போறேன்ப்பா" என்றாய். இரண்டு மாதம் அப்பாவிடம்தான் பேசினாய். போன் அடிக்கும்போதெல்லாம் நான் கூடத்துக்கு வந்து, அவர் "ம்... ம்..." என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அவருக்கு விஷயம் தெரியாது. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார். நீ நலம் விசாரிக்கவில்லை. "இருபத்தேழாம் பக்கத்துல மேல ஒரு நம்பர் அழிஞ்சிருக்கு. ஆறா எட்டா?" என்றாய். அந்த நோட்டு எனக்கு மனப்பாடம். "எட்டு" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்த ஒரு "எட்டு" சொல்லக் கிடைத்ததற்கு நான் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

ஒன்பதாவது நோட்டைப் படித்த பிறகு மிஷின் தேறிவிட்டது. நீ நோட்டைத் திருப்பிக் கொடுத்தாய், படிப்பை முடித்தாய். ஒரு வருஷம் தாமதமானாலும் நல்ல வேலை கிடைத்தது. நீயும் ரேணுகாவும் எழுதிய கட்டுரையில் என் பெயரையும் போட்டு அனுப்பினாய். அப்பா அதை நெருங்கியவர்களிடமெல்லாம் காட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பெயர் மூன்றாவதாக இருப்பதைப் பார்த்தேன். எண்ணெல்லாம் என்னுடையது, எனக்கு மூன்றாவது இடமா என்று ஒரு வாரம் முணுமுணுத்தேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. இது போகிற சாமான் இல்லை. ரேணுகாவுக்கும் உனக்கும் ஒரே தொழில். ஒரு நாள் அவளுக்குப் பெரிய பதவி வரும், உனக்கு வராது. அல்லது அவள் உன் கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடிப்பாள். அன்றைக்கு உன் உள்ளேயும் புளிக்கும், நீ என் பிள்ளைதானே. அப்போது சிரித்துக்கொண்டே தோசை சுட்டுப் போடாதே. "எனக்குப் பொறாமையா இருக்கு" என்று அவளிடமே சொல்லிவிடு. அவள் கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. ஏழு மாதம் ஒளித்து வைப்பதைவிட அது மேல். இந்தக் கடிதத்தில் உனக்குப் புத்திமதி என்று ஒன்று இருந்தால் இதுதான்.

இப்போது கடைசி விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை ரேணுகா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது, நீங்கள் அடுத்து எழுதும் கட்டுரைக்கான படத்தைக் காட்டினாள். மிஷின் சொன்னதும் நான் அளந்ததும் ஒரு கோட்டில் அழகாக உட்கார்ந்திருந்தன. பதினாலு புள்ளிகள் மட்டும் கோட்டை விட்டுத் தள்ளிக் கிடந்தன. "இந்தப் பதினாலும் சும்மா நாய்ஸ் அத்தை. அளக்கும்போது ஏதோ ஆகியிருக்கும். எடுத்துறலாம்னு இருக்கோம்" என்றாள். அவள் போனதும் நோட்டை எடுத்து அந்தப் பதினாலையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். இடது ஓரத்தில் ஒவ்வொரு அளவுக்கும் நேரம் எழுதியிருக்கிறேன். அதை அவள் டைப் அடிக்கவில்லை, நம்பர் மட்டும் போதும் என்று விட்டுவிட்டாள். பதினாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து முதலில் போட்டவை. பிசின் தண்ணீர் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறது. அதில் விழுந்த முதல் கும்பல் சரம் பிடிக்கவில்லை, மெதுவாக, புத்தகத்தில் சொன்னபடி இறங்கியிருக்கிறது. அடுத்த கும்பல் வழக்கம்போல ஓடியிருக்கிறது. முன்னால் போன மணல் பிசினை இளக்கிவிட்டுப் போகிறது, பின்னால் வருவது அந்த இளகிய வழியில் ஓடுகிறது, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பிசின் மறுபடி இறுகிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்கிறேன், நிரூபிக்கவில்லை. அன்றைக்குப் பெரியவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு இதுதான் பதிலாக இருந்திருக்கும். அது என் நோட்டிலேயே இருந்திருக்கிறது.

முதலில் இதையும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் அப்படித்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் அந்தப் பழைய கல்லூரிக்கே போய் டாக்டர் பட்டப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன். வழிகாட்ட ஒப்புக்கொண்டவர் உன்னைவிட ஆறு வயசு மூத்தவர், என்னை "மேடம்" என்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அப்பாதான் கேட்டார். "ஒரு கேள்வி பாக்கி இருக்குங்க" என்றேன்.

எனவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினாலையும் அழிக்காதே. இடது ஓரத்து நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் மிஷின் ஒரே வாரத்தில் இதையும் கற்றுக்கொண்டுவிடும் என்று எனக்குத் தெரியும். கொடுக்காதே. இரண்டு வருஷம் பொறுத்துக்கொள். எத்தனை நொடி என்பதை மிஷின் சொல்லட்டும், ஏன் என்பதை நான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை ரேணுகாவிடமும் காட்டு, அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு வருஷத்தைத் தர முடியாது என்று தோன்றினால் போனில் சொல்லாதே, இரண்டு பேரும் நேரில் வாருங்கள், உட்கார்ந்து சண்டை போடுவோம். ஆனால் இந்தத் தடவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் இளங்கோ. உனக்காகக்கூட.

அம்மா